கறுப்புக் காய்களும் கடைசி பஸ்ஸும்

(நூற்றாண்டு விழாவையொட்டி நடந்த பழைய மாணவியர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை. அன்று பலகையில் காட்டியவற்றை, வாசிப்பவர்களுக்காகச் சற்று விரித்து எழுதியிருக்கிறேன்.)



சங்கச் செயலாளர் தொலைபேசியில் அழைத்து, "டீச்சர், உங்களுக்கு இருபது நிமிடம். எதைப் பற்றியும் பேசலாம். ஆனால் பழைய கதை மட்டும் வேண்டாம், அதற்கு ஏற்கனவே மூன்று பேர் இருக்கிறார்கள்" என்று சொன்னார். நானும் சரியென்று ஒத்துக்கொண்டேன். இந்தப் பாடசாலையில் படித்து, இங்கேயே கணிதம் படிப்பித்து, ஓய்வுபெறும்வரை சதுரங்கக் கழகத்தையும் பார்த்துக்கொண்டவள் நான். எனவே ஒரேயொரு சதுரங்க ஆட்டத்தைப் பற்றிப் பேசுகிறேன். அதற்குள் ஒரு பழைய கதையும் வரும். செயலாளர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

விளையாடத் தெரியாதவர்கள் எழுந்து தேத்தண்ணீர் குடிக்கப் போக வேண்டாம். காய்களின் பெயர் தெரிந்தால் போதும். ராஜா, ராணி, குதிரை எல்லோருக்கும் தெரியும். மூலையில் நின்று நேர்கோட்டில் போவது கோட்டை. இந்தியாவில் அதை யானை என்பார்கள். குறுக்குக் கோட்டில் போவது மந்திரி. முன்னால் வரிசையாக நிற்கும் சின்னக் காய்கள் காலாட்கள். கட்டங்களுக்கு இடமிருந்து வலமாக ஏ, பி, சி என்று எச் வரை எழுத்து, கீழிருந்து மேலாக 1 முதல் 8 வரை எண். வெள்ளை கீழே, கறுப்பு மேலே. அவ்வளவுதான்.

கழகத்துப் பிள்ளைகளிடம் நான் அதிகமாகக் கேட்ட முறைப்பாடு ஒன்று உண்டு: "டீச்சர், எனக்குக் கறுப்பு விழுந்துவிட்டது." பரீட்சையில் கஷ்டமான வினாத்தாள் வந்தது போன்ற முகத்துடன் வந்து சொல்வார்கள். அதில் நியாயமும் இருக்கிறது. வெள்ளைதான் முதலில் நகரும். பெரிய போட்டிகளின் கணக்குகளை எடுத்துப் பார்த்தால், நூறு புள்ளியில் ஐம்பத்திரண்டு முதல் ஐம்பத்தாறு வரை வெள்ளைக்குத்தான் போகிறது. ஆனால் அந்தச் சிறிய வித்தியாசத்தைப் பிள்ளைகள் மலையாக்கிக்கொண்டு, உட்காரும்போதே பாதி தோற்றுவிடுவார்கள். "சமநிலை எடுத்தால் போதும் டீச்சர்" என்பார்கள். நானும் "போதும்" என்றே சொல்லி வந்தேன். அது ஏன் தவறு என்று எனக்கு விளங்கியது ஓய்வுபெற்ற பிறகுதான்.

2024 டிசம்பர் 12, வியாழக்கிழமை. சிங்கப்பூரின் சென்டோசா தீவில் உலகச் சம்பியன் போட்டியின் பதினான்காவது ஆட்டம், அதுவே கடைசி ஆட்டமும். வெள்ளைக் காய்களுடன் சீனாவின் டிங் லிரென், அப்போதைய உலகச் சம்பியன். கறுப்புக் காய்களுடன் சென்னையைச் சேர்ந்த பதினெட்டு வயதுக் குகேஷ். பதின்மூன்று ஆட்டங்கள் முடிந்தபோது இருவரும் ஆறரைக்கு ஆறரை. இந்த ஆட்டமும் சமநிலையானால், மறுநாள் வேக ஆட்டங்களில் தீர்ப்பு. வேக ஆட்டத்தில் டிங்கின் கை ஓங்கியது என்பதே பலருடைய எண்ணம். ஆகவே சமநிலை யாருக்கு வேண்டியிருந்தது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டம் முழுவதற்கும் அதுதான் திறப்பு.

எங்கள் நேரப்படி பிற்பகல் இரண்டரைக்கு ஆட்டம் தொடங்கியது. திகனவில் என் வீட்டு முன்விறாந்தையில், பேரனின் கைத்தொலைபேசியைத் தேத்தண்ணீர்க் கோப்பையில் சாய்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மகியங்கனை வீதியில் போகும் பஸ் ஒவ்வொன்றுக்கும் மேசை அதிர்ந்து தொலைபேசி சாய்ந்துவிடும். நான் நிமிர்த்துவேன். அப்படித்தான் அந்த ஆட்டத்தைப் பார்த்தேன்.

தொடக்கத்தை விரைவாகக் கடந்துவிடுகிறேன். டிங் ராஜா பக்கக் குதிரையை எஃப்3க்கு எடுத்துத் தொடங்கினார். குகேஷ் நடுக்கட்டங்களைக் காலாட்களால் பிடித்தார். ஒன்பதாவது நகர்வில் அவருடைய காலாள் டி4 வரை முன்னேறி வந்துவிட்டது. இருவரும் கோட்டை கட்டினார்கள். சில நகர்வுகளுக்கு வெள்ளையின் நிலை கொஞ்சம் வசதியாகவே இருந்தது. பதினெட்டாவது நகர்வில் குகேஷ் பி5 என்று காலாளைத் தள்ளினார். அது கொஞ்சம் துணிச்சலான நகர்வு. இருபதாவது நகர்வில் டிங் குதிரையை எஃப்4இல் கொண்டுபோய் வைத்தார். கறுப்பு அதை வெட்ட, வெள்ளை மந்திரி சி6இல் இருந்த குதிரையை வெட்ட, காய்கள் மளமளவென்று குறைந்தன. தூசி அடங்கியபோது இருவருக்கும் ஒரு ராணி, இரண்டு கோட்டை, ஒரு மந்திரி. இருவருடைய மந்திரியும் வெள்ளைக் கட்டங்களில் போகிறவை. இருபத்தேழாவது நகர்வு முடிந்தபோது ஆளுக்கு மூன்று காலாட்கள். டிங்கின் பி3 காலாளுக்கு முன்னால் தடுக்க ஒரு கறுப்புக் காலாளும் இல்லை.

இப்போது இருபத்தொன்பதாவது நகர்வு. என்னுடைய கணக்கில் இந்த ஆட்டத்தில் படிக்க வேண்டிய முதலாவது இடம் இதுதான். டிங் அந்த பி காலாளை ஓரடி முன்னால், பி4க்குத் தள்ளினார். குகேஷின் ராணி அதைச் சும்மா வெட்டிக்கொண்டது. ஒரு காலாளை இலவசமாகக் கொடுத்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏன்? அதற்குப் பதிலாக ராணிகள் மாறிக்கொண்டன. இரண்டு நகர்வில் ஒரு சோடிக் கோட்டைகளும் போய்விட்டன. மிஞ்சியது: வெள்ளைக்கு ஒரு கோட்டை, ஒரு மந்திரி, இரண்டு காலாட்கள். கறுப்புக்கு ஒரு கோட்டை, ஒரு மந்திரி, மூன்று காலாட்கள். காலாட்கள் எல்லாம் பலகையின் ஒரே பக்கத்தில். ஒரே பக்கத்தில் இப்படி மூன்றுக்கு இரண்டு நின்றால் ஒழுங்காகக் காப்பவர் தப்பிவிடுவார் என்பது புத்தகங்களில் எழுதி வைத்த விடயம். டிங்குக்கு அது நன்றாகவே தெரியும். ஆகவே ஒரு காலாளை விலையாகக் கொடுத்து அமைதியை வாங்கினார். சிக்கல் குறையட்டும், சமநிலை வரட்டும், நாளைக்கு வேக ஆட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம். அவர் மனதுக்குள் போய் நான் பார்க்கவில்லை. ஆனால் நகர்வுகள் அப்படித்தான் பேசுகின்றன.

இந்த நிலை தொலைபேசியில் வந்தபோது நான் கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன். ஏனென்றால் இதே மாதிரி நிலையை நான் முன்பே பார்த்திருக்கிறேன். பழைய கதை இங்கேதான் வருகிறது.

பல வருடங்களுக்கு முன், வலயமட்டக் குழுப் போட்டிக்காக நான்கு பிள்ளைகளைக் கண்டிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கடைசிச் சுற்று. முதல் மூன்று பலகைகளும் முடிந்துவிட்டன. நான்காவது பலகையில் தரம் பத்துப் பிள்ளை ஒருத்தி, கறுப்புக் காய்கள். ராஜவெல்லப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வருகிற பிள்ளை. திகன சந்தியில் இறங்கி, அங்கிருந்து மேலே போகும் கடைசி பஸ்ஸைப் பிடித்தால்தான் இருட்டுக்கு முன் வீட்டுக்குப் போக முடியும். அதைத் தவறவிட்டால் தேயிலைக்கு நடுவே நடக்க வேண்டும். நேரம் நாலரை தாண்டிவிட்டது. பலகையில் கோட்டைக்குக் கோட்டை, மூன்று காலாளுக்கு இரண்டு, எல்லாம் ஒரே பக்கம். அவளிடம்தான் மூன்று.

குழுப் பொறுப்பாளர் சமநிலை கேட்கச் சொல்லலாம் என்று விதியில் இடம் இருக்கிறது. நான் போய்க் குனிந்து, "சமநிலை கேள் பிள்ளை, பஸ் போய்விடும்" என்றேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு கேட்டாள். எதிரே இருந்த பிள்ளை கேள்வி முடியும் முன்பே கையை நீட்டிவிட்டது. அரைப் புள்ளியில் மாகாணமட்டத்துக்குப் போகும் வாய்ப்பு எங்களுக்கு இல்லாமல் போனது. பஸ்ஸில் என் பக்கத்தில்தான் அவள் உட்கார்ந்திருந்தாள். குண்டசாலை தாண்டும்வரை ஒன்றும் பேசவில்லை. அப்புறம் ஒன்றே ஒன்று சொன்னாள்: "டீச்சர், அந்தப் பிள்ளையின் கை நடுங்கிக்கொண்டே இருந்தது."

நான் பலகையைப் பார்த்தேன், மணிக்கூட்டைப் பார்த்தேன், புத்தகம் சொன்னதை நினைத்தேன். எதிரே இருந்த கையைப் பார்க்கவில்லை. அவள் பார்த்திருக்கிறாள்.

அன்று நான் செய்தது முழுவதும் பிழை என்று இப்போதும் சொல்ல மாட்டேன். பிள்ளையை இருட்டில் அனுப்ப முடியாது. ஆனால் வேறு வழி இருந்தது. காலையிலேயே வேன் ஒன்று பேசி வைத்திருக்கலாம். பெற்றோரிடம் சொல்லி, பிள்ளையை எங்கள் வீட்டில் தங்கவைத்திருக்கலாம். ஆண்பிள்ளைகளின் குழுவோடு வருகிறவர்கள் கடைசி பஸ்ஸைப் பற்றி இவ்வளவு யோசிப்பதை நான் கண்டதில்லை. நாங்கள் பெண்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகும்போது, ஆட்டம் தொடங்கும் முன்பே அது எப்போது முடிய வேண்டும் என்று முடிவுசெய்துவிடுகிறோம். சரி, சிங்கப்பூருக்குத் திரும்பிப் போவோம்.

குகேஷுக்கு பஸ் இல்லை. மணிக்கூட்டில் டிங்கைவிட நிறைய நேரம் மிஞ்சியிருந்தது. அவர் என்ன செய்தார் என்று பாருங்கள். பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. முப்பத்திரண்டாவது நகர்வில் ஒரு காலாளை ஜி5க்கு வைத்தார். முப்பத்தாறில் கோட்டையை எதிரியின் கடைசி வரிசைக்கு இறக்கி ராஜாவுக்குச் செக் சொன்னார். முப்பத்தெட்டில் அடுத்த காலாள் எச்5. நாற்பதாவது நகர்வில் ராஜாவே எச்6க்கு வந்து நடக்கத் தொடங்கினார். நாற்பத்திரண்டில் ஜி4, நாற்பத்தைந்தில் எஃப்5. ஒவ்வொன்றும் ஓரங்குல முன்னேற்றம். ஒவ்வொரு முறையும் டிங் சரியான பதில் கண்டுபிடித்தார். நாற்பத்தாறாவது நகர்வில் எஃப் காலாளையும் எச் காலாளையும் மாற்றிக்கொண்டார்கள். கறுப்புக்கு எஃப்5, ஜி4 என்று இரண்டு. வெள்ளைக்கு ஜி3 ஒன்றே ஒன்று. கணினி அப்போதும் சமநிலை என்றுதான் காட்டியது. நேரடி ஒளிபரப்பில் பேசிக்கொண்டிருந்தவர்களின் குரலில்கூடக் களைப்புத் தெரிந்தது. மறுநாள் வேக ஆட்டத்தைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார்கள்.

இந்த இடத்தில் கை கொடுத்துவிட்டு எழும்பியிருந்தால் குகேஷை யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். கறுப்புக் காய்களுடன் உலகச் சம்பியனைச் சமநிலையில் நிறுத்தினார் என்று பாராட்டியிருப்பார்கள். ஆனால் அவர் விளையாடிக்கொண்டே இருந்தார். தனக்கு ஆபத்து இல்லாத நிலை. ஒரு காலாள் கூட. ஆகவே கேள்வி கேட்கும் உரிமை அவரிடம் இருந்தது. அவர் கேட்டுக்கொண்டே இருந்தார், டிங் பதில் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. கேட்பவருக்கு ஒரு கேள்வி தவறினால் ஒன்றும் கெட்டுப்போகாது. பதில் சொல்பவருக்கு ஒரு பதில் தவறினால் போதும்.

ஐம்பத்துமூன்றாவது நகர்வு. படிக்க வேண்டிய இரண்டாவது இடம் இது. பார்க்கும்போது நான் கவனிக்கவில்லை, பின்னால் வைத்துப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. பி7இல் இருந்த மந்திரியை டிங் ஏ8க்கு, பலகையின் மூலைக்கு எடுத்துக்கொண்டு போனார். அந்த நேரத்தில் அதனால் உடனே ஒன்றும் கெட்டுவிடவில்லை. அந்த நீளக் குறுக்குக் கோட்டில் மந்திரி இருந்தால் போதும், பி7 என்ன, ஏ8 என்ன என்று தோன்றும். வித்தியாசம் இதுதான்: பி7இல் நிற்கும் மந்திரிக்கு இரண்டு கோடுகள். ஏ6க்கோ சி8க்கோ விலகிப் போகலாம். ஏ8இல் நிற்கும் மந்திரிக்கு ஒரே ஒரு கோடு. அந்த ஒரு கோட்டை யாராவது மறித்துவிட்டால் அதற்குப் போக இடமில்லை. குசினிக்குள் போனவர் பின்கதவு இல்லாத குசினிக்குள் போனது மாதிரி.

குகேஷ் ராஜாவை எஃப்6க்குக் கொண்டுவந்தார். டிங் கோட்டையை எஃப்4இல் வைத்தார். குகேஷ் ராஜாவை ஈ5க்கு, அந்தக் கோட்டையின் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். கோட்டையை அது வெட்டிவிடுமா? வெட்டாது. ஜி3 காலாள் காவலுக்கு நிற்கிறது. ஆகவே டிங் பயப்பட ஒன்றுமில்லை. இன்னொன்றையும் பாருங்கள். அப்போதே குகேஷ் மந்திரியை டி5இல் வைத்து மந்திரிக்கு மந்திரி மாற்றிக்கொள்ளப் பார்த்தாலும் நடக்காது. இரண்டு மந்திரிகளும் போன பிறகு கறுப்பு ராஜா டி5இல் நிற்கும், வெள்ளைக் கோட்டை எஃப்5 காலாளைச் செக்குடன் வெட்டிக்கொள்ளும். எஃப்4இல் நின்ற அந்தக் கோட்டைதான் முழு வீட்டையும் தாங்கிக்கொண்டிருந்தது.

ஐம்பத்தைந்தாவது நகர்வில் டிங் அந்தக் கோட்டையை எஃப்2க்கு இழுத்தார். கறுப்பின் கோட்டை பி2இல் நிற்கிறது. இரண்டும் ஒரே வரிசையில் நேருக்கு நேர். மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்கிற நகர்வு. இருபத்தொன்பதாவது நகர்வில் தொடங்கிய அதே ஆசை: இன்னும் ஒரு சோடி போகட்டும், ஆட்டம் முடியட்டும்.

குகேஷுக்கும் அது உடனே தெரியவில்லை. கோட்டையை பி3க்கு நகர்த்தப் போனதாகவும், அப்புறம்தான் கண்டதாகவும் அவரே பிறகு சொன்னார். கண்டதும் அவர் முகம் மாறியதை உலகமே பார்த்தது. கண்கள் விரிந்தன. உடனே கை வைக்கவில்லை. தன்னை நிதானப்படுத்திக்கொண்டு, மறுபடியும் கணக்குப் பார்த்து, அதற்குப் பிறகுதான் கோட்டையை வெட்டினார். மாணவிகளே, இந்த இடத்தைக் கவனியுங்கள். வெற்றி கண்ணில் பட்ட பிறகு காத்திருந்த அந்தச் சில விநாடிகளை, அவருடைய மற்ற நகர்வுகள் எல்லாவற்றையும்விட நான் பெரிதாக மதிக்கிறேன். எங்கள் கழகத்தில் நல்ல நகர்வைக் கண்டவுடன் காய் பறக்கும். அப்படிப் பறந்து கெட்ட ஆட்டங்களை எழுதினால் இந்த மலர் போதாது.

கோட்டைக்குக் கோட்டை போனது. வெள்ளை ராஜா எஃப்2. இப்போது குகேஷ் மந்திரியை டி5இல் வைத்தார். ஏ8இல் நிற்கும் வெள்ளை மந்திரிக்கு இருக்கும் ஒரே கோட்டில், நேர் எதிரே. ஓடினால் அந்தக் கோட்டிலேயே பி7, சி6 என்று இரண்டு கட்டம்தான், இரண்டிலும் வெட்டு. காப்பாற்ற யாருமில்லை. வேறு வழியின்றி டிங் டி5இல் வெட்டினார், கறுப்பு ராஜா திருப்பி வெட்டியது. பலகையில் மிஞ்சியவை இரண்டு ராஜாக்களும் மூன்று காலாட்களும். வெள்ளை ராஜா ஈ3க்கு வந்தது. கறுப்பு ராஜா ஈ5க்கு வந்து, ஒரு கட்டம் விட்டு நேர் எதிரே நின்றது. ஐம்பத்தெட்டாவது நகர்வு. டிங் கை கொடுத்தார்.

விளையாடத் தெரியாதவர்கள் இங்கே, "இதில் என்ன இருக்கிறது, ஒன்றுமே நடக்கவில்லையே" என்று கேட்கலாம். அன்றைக்கு என் பேரனும் அதைத்தான் கேட்டான். நகர வேண்டிய முறை வெள்ளைக்கு. நகராமல் இருக்க முடிந்தால் வெள்ளை தப்பிவிடும். சதுரங்கத்தில் நகராமல் இருக்க அனுமதி இல்லை, ராஜா விலகியே ஆக வேண்டும். டி3க்குப் போனால் கறுப்பு எஃப்4 தள்ளும். வெள்ளை அதை வெட்டினால் கறுப்பு ராஜா திருப்பி வெட்டி, ஜி3க்கு இறங்கி, மிஞ்சிய காலாளுக்கு முன்னால் நின்று வழிகாட்டிக்கொண்டு போகும். அதைத் தடுக்கவே முடியாது. வெட்டாவிட்டால் கறுப்புக்கு ஒன்றுக்கு இரண்டு காலாள். எஃப்2க்குப் பின்வாங்கினால்? இங்கேதான் தரம் ஒன்பதுப் பிள்ளைகள் அவசரப்பட்டு ராஜாவை நேரே ஈ4க்கு ஓட்டுவார்கள். ஓட்டக்கூடாது. வெள்ளை ராஜா ஈ2 வந்து எதிரே நின்றுவிடும், வேலை கெட்டுவிடும். கறுப்பு டி4க்கு, பக்கவாட்டில் போக வேண்டும். வெள்ளை ஈ2 வந்தால் அப்போது ஈ4. மறுபடியும் நேர் எதிர், மறுபடியும் விலக வேண்டியது வெள்ளை. அப்படியே பக்கவாட்டில் சுற்றிக்கொண்டு போய் ஜி3 காலாளை எடுத்துவிடலாம். வீட்டுக்குப் போனதும் காய்களை வைத்துப் பாருங்கள். ஐந்து காய் போதும். தொலைந்ததுக்குப் பதில் பொத்தான் வைத்தாலும் சரி.

டிங் மேசையில் தலை கவிழ்த்துக்கொண்டார். குகேஷ் அழுதார். அழுதுகொண்டே, வழக்கமாகச் செய்வதுபோல், காய்கள் எல்லாவற்றையும் தொடக்க இடத்தில் ஒழுங்காக அடுக்கி வைத்தார். ஏழரைக்கு ஆறரை. 1985இல் இருபத்திரண்டு வயதில் சம்பியனான கஸ்பரோவின் சாதனை போனது. பதினெட்டு வயதில் ஒருவர் உலகச் சம்பியன்.

அடுத்த நாளே பேச்சுக் கிளம்பியது. இது வென்ற ஆட்டமா, கிடைத்த ஆட்டமா? டிங் பிழைவிட்டார், குகேஷ் பொறுக்கிக்கொண்டார், உலகச் சம்பியன் ஆட்டம் இப்படியா முடிய வேண்டும் என்று பெரிய ஆட்டக்காரர்களே பேசினார்கள். எனக்கு அந்தப் பேச்சுப் பிடிக்கவில்லை. ஐம்பத்தைந்தாவது நகர்வு மட்டும் பிழையென்றால், பிழை வானத்திலிருந்து விழுந்தது போலாகிவிடும். இருபத்தாறு நகர்வுக்கு முன்னால், ஒரு காலாளைக் கொடுத்து நிம்மதி வாங்கிய இடத்தில் அது முளைத்தது. மூலைக்குப் போன மந்திரியோடு வளர்ந்தது. நடுவில் எழுந்து போகாமல் ஒருவர் எதிரே இருந்ததால்தான் அது பழுத்தது.

அதற்காக டிங்கை நான் தாழ்த்திப் பேச மாட்டேன். இந்தப் போட்டியின் முதல் ஆட்டத்தில் கறுப்புக் காய்களுடன் குகேஷை வென்றவர் அவர்தான். மனச்சோர்வோடு தான் பட்ட பாட்டை வெளிப்படையாகச் சொன்னவர். போட்டிக்கு முன் அவருக்கு வாய்ப்பே இல்லை என்றார்கள். கடைசி நாள்வரை சமமாகக் கொண்டுவந்தார். பதினொன்றாவது ஆட்டத்தில் தோற்று, பன்னிரண்டாவதில் திருப்பி அடித்தார். முடிந்துவிட வேண்டும் என்று நினைத்த களைத்த மனிதரை எனக்கு விளங்குகிறது. நாலரை மணிக்கு மணிக்கூட்டைப் பார்த்தவள் நான்.

பெண்பிள்ளைகளுக்கு முன்னால் பேச வந்து ஆண்களின் ஆட்டத்தையே சொல்கிறேன் என்று ஒரு தங்கை முகத்தைச் சுளிப்பது தெரிகிறது. நியாயம்தான். 2025 ஜூலை 28, ஜோர்ஜியாவின் பட்டுமி நகரம், பெண்கள் உலகக் கிண்ண இறுதி. இரண்டு பேரும் இந்தியப் பெண்கள். ஒருவர் பல வருடங்களாக உலகின் முன்வரிசையில் இருக்கும் கோனேரு ஹம்பி. மற்றவர் பத்தொன்பது வயது திவ்யா தேஷ்முக். நீண்ட ஆட்டங்கள் சமநிலை, வேக ஆட்டத்தின் முதலாவதும் சமநிலை. இரண்டாவதில் திவ்யாவுக்குக் கறுப்பு. வென்றார். கறுப்பு விழுந்துவிட்டது என்று யாரிடமும் போய்ச் சொன்னதாகத் தெரியவில்லை. சென்னையின் வைஷாலியை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பிரக்ஞானந்தாவின் அக்கா என்று அறிமுகப்படுத்துவதைக் கேட்டால் எனக்குக் கோபம் வரும். தம்பிக்கு முன்பே பலகைக்குப் போனவர் அவர். கிராண்ட்மாஸ்டர் பட்டமும், 2023இலும் 2025இலும் பெண்கள் கிராண்ட் சுவிஸ் போட்டியின் முதலிடமும் அவருடையவை.

என் நேரம் முடிந்துவிட்டது என்று தலைவி மணிக்கூட்டைக் காட்டுகிறார். ஒரு விடயம் சொல்லிவிட்டு இறங்குகிறேன். மண்டபத்தின் பின்பக்கம், யன்னலோரம், ஆறு மேசைகளில் பலகைகள் வைத்திருக்கிறேன். ஆறிலும் ஒரே நிலை: ஐம்பத்துநான்காவது நகர்வு முடிந்த இடம், மந்திரி மூலையில், கோட்டை எஃப்4இல். வெள்ளைப் பக்கத்தில் அக்காமார் உட்காருங்கள். இப்போது விடை தெரியும், கோட்டையை எஃப்2க்கு இழுக்க மாட்டீர்கள். கறுப்பை இன்றைய கழகத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கிறேன். அவர்களிடம் சமநிலை கேட்காதீர்கள், தர வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். தோட்டத்துப் பக்கம் போகிற பிள்ளைகளுக்கு ஆறு மணிக்கு வேன் பேசியாகிவிட்டது. பிந்தினாலும் நிற்கும். காசு கொடுத்திருப்பது முன்னாள் நான்காம் பலகைக்காரி ஒருத்தி. கனடாவிலிருந்து அனுப்பியிருக்கிறாள்.